ஆறாவது வெள்ளைத் தோல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ட்ரோன் விட்டு, நிலத்தை மேலிருந்து படம் பிடித்து வரைபடம் போடுவது என் வேலை. அளவு சரியாக இருக்கும், இல்லையென்றால் தப்பாக இருக்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆலங்காயம் பக்கம் மலையடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது ஏக்கர் வாங்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பறைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட வண்டி வருகிறது, அதற்குள் மேடு பள்ளம் தெரிய வேண்டும் என்று சனிக்கிழமை கூப்பிட்டார் தலைமையாசிரியை ஸ்டெல்லா. எல்லாரும் இப்படித்தான், கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிப்பார்கள்.

நானும் என் கூட்டாளி நயீமும் மறுநாள் விடியற்காலையே ஆம்பூரிலிருந்து போய்விட்டோம். படத்தில் இடம் துல்லியமாக உட்கார, தரையில் அடையாளம் விரிக்க வேண்டும். ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைத் தோலை இரண்டடிச் சதுரமாக வெட்டி, கறுப்பில் பெருக்கல் குறி போட்டு, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைப்போம். ஆறு வெட்டினேன். ஆறாவதில் கத்தி பட்டு மூலையில் ஓட்டை, அதை என் மனைவி மிக்சிக்குக் கீழே போட்டுக்கொண்டாள். ஆக எங்கள் கையில் ஐந்து.

ஐந்தையும் விரித்தோம். எங்கள் ட்ரோன் குட்டி விமானம் மாதிரி இருக்கும். அதற்கு இறக்கையை மாட்டி, பேட்டரியை முன்னே பின்னே தள்ளி, இரண்டு விரலில் தூக்கி எடை சமமாக நிற்கிறதா என்று பார்த்து, எதிர்காற்றில் நாலு எட்டு ஓடி வீசினேன். ஆம்பூரில் என்றால் தோல் கழிவுக்கு வட்டமிடும் பருந்து வந்து அடிக்கும், இங்கே அந்தப் பேஜார் இல்லை. நூல் பிடித்த மாதிரி போய்ப் போய்த் திரும்பி, புல்லில் வயிறு தேய இறங்கியது. அதுவரை எனக்குக் கோபமே வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று நயீம் கிண்டல் செய்தான்.

வண்டியிலேயே லேப்டாப்பில் படங்களைப் போட்டேன். அடையாளம் ஆறு இருந்தது. ஆறாவது, வகுப்பறைக் கோட்டுக்கு நட்டநடுவில். ஒரு படத்தில் என்றால் கோளாறு என்று விட்டிருப்பேன், பதினோரு படத்தில் இருந்தது. நயீமைக் கண்டபடி திட்டினேன்.

"நானா? அஞ்சுதான எடுத்தாந்தோம், நீயேதான எண்ணிக் குடுத்த."

படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் ஓட்டை.

வீட்டுக்கு போன் போட்டு மிக்சிக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். "எங்க போவும், இப்பத்தான் அதுமேல வச்சு சட்னி அரைச்சேன். உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

அந்த இடத்துக்கு நடந்தோம். வெறும் செம்மண். அளவுக் கோலை ஊன்றினால் டொம்மென்று கேட்டது. மண்வெட்டி வாங்கி வெட்டினோம், முழ ஆழத்தில் கற்பலகை. நெம்பி, இடுக்கில் ஒரு கல்லைப் போட்டோம். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

நிலத்தை விற்ற புண்ணியவான் கிணற்றின்மேல் பலகை போட்டு மண்ணைக் கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அஸ்திவாரம் சுவருக்கு மட்டும்தான் தோண்டுவார்கள், நடு அறையில் யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் வந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது மேலயா எம் புள்ளைங்கள உக்கார வெக்க இருந்தேன்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டார். படத்தில் தெரிந்தது என்றேன், அது பொய் இல்லை.

இப்போது வகுப்பறை கிழக்கே தள்ளி நிற்கிறது. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். போன வாரம் போனபோது உள்ளே வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள், கேட்க நன்றாக இருந்தது. ஆறாவதை விரித்தவன் உன்னைவிட நேராக விரித்திருக்கிறான் என்று நயீம் இன்னமும் ஓட்டுகிறான், ஓட்டட்டும்.

ஒன்றுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மிக்சியைத் தூக்கித் தோலைப் பார்த்தேன். நாலு மூலையிலும் கல் அழுத்திய குழி. மிக்சியின் கால்கள் நடுவில்தான் உட்காரும், மூலைக்கு எட்டாது. தோல் ஊரில் பிறந்தவன் நான், ஈரத்துணியால் தேய்த்தால் அந்த மாதிரிக் குழி போய்விடும் என்று தெரியும். எத்தனையோ தடவை தேய்த்துவிட்டேன். போகவில்லை.