தூங்கிப் பார்த்து வாங்கிய புஷ்

கண்ணாடிக்காரருக்கு எதையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வராது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர் கண்முன் ஒரு வில்லையை வைத்து, எடுத்து, வேறொன்றை வைத்து, “முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?” என்று காலமெல்லாம் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி நாக்கிலேயே குடியேறிவிட்டது. வீட்டில் தலையணை வாங்கினாலும் இரண்டு வாங்கி, மாற்றி மாற்றிப் படுத்துப் பார்ப்பார். அவர் மனைவியின் அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். “நல்லவேளை, அப்ப எங்க வீட்ல கல்யாணத்துக்கு ஒருத்திதான் இருந்தா. இன்னொருத்தி இருந்திருந்தா மனுஷன் இன்னும் பார்த்துட்டே இருப்பாரு.”

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இராத்திரி வேலை. விடிந்ததும் கண்ணாடிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவார். ஏறிக் கதவைச் சாத்துவாள், அடுத்த திருப்பத்துக்குள் தூங்கிவிடுவாள். வீட்டில் அவளுக்குப் பகலில் தூக்கம் பிடிக்காது. மாடியில் இருக்கும் குடும்பம் நாற்காலியைத் தூக்கி வைத்ததாகச் சரித்திரமே இல்லை, இழுத்துத்தான் பழக்கம். காரில் பிடித்த தூக்கத்தைக் கலைக்காமல் கைத்தாங்கலாகக் கட்டில்வரை கொண்டுசேர்த்துவிட்டால், அது மத்தியானம் தாண்டி ஓடும். காரில் பிடிக்கவில்லையென்றால் அன்றைக்குத் தூக்கமே இல்லை.

அப்படிப்பட்ட காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் யாரோ அடியிலிருந்து தட்டுகிற மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் திடுக்கிட்டு, “எந்த பெட்?” என்று எழுந்தாள். ஒரு வாரம் போனதும் தூக்கக் கலக்கத்தில் கண்ணாடிக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் இல்ல, போய்ப் படுங்க” என்றாள். இனிமேல் பொறுப்பதற்கில்லை என்று அவர் மெக்கானிக்கிடம் ஓடினார்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, புஷ் போய்விட்டது என்றார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியோடு சேருகிற இடத்தில், எலும்புக்கு நடுவே ஜவ்வு மாதிரி உட்கார்ந்திருக்கும் ரப்பர்த் துண்டுதான் புஷ். அது வெடித்துக் கிழிந்து, இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டிருந்தன. புதிதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரப்பர், அதிர்ச்சியைத் தானே விழுங்கிக்கொள்ளும். மற்றது பாலி, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியானது. வருடக்கணக்கில் உழைக்கும், வண்டி சொன்னபடி திரும்பும். எது வேண்டும் என்று மெக்கானிக் கேட்டதுதான் தாமதம், கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு இருக்கிறதல்லவா!

மனைவியின் கடைசித் தம்பி வண்டிப் பைத்தியம். அவன் காரில் பாலி போட்டிருந்தான். மகளின் மாமனார், அதாவது சம்பந்தி, அவர் காரில் ரப்பரை மாற்றி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மூன்றும் ஒரே மாதிரி கார்கள். கண்ணாடிக்காரர் இருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொன்னார். மனைவிக்கு ஒரே ஒரு வேலைதான்: தூங்க வேண்டும்.

முதல் நாள் தம்பி வந்தான். வளைவில் வண்டி ரயில் மாதிரி ஒட்டிக்கொண்டு போனது உண்மை. ஆனால் ரோட்டிலிருந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் அக்காளின் முதுகுத்தண்டில் வந்து பேர் சொல்லிவிட்டுப் போனது. “இதுல தூங்கணும்னா மயக்க மருந்து குடுக்கணும்டா” என்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் சம்பந்தி, தேய்த்த சட்டையோடு வந்தார். சம்பந்தி எதிரில் எப்படித் தூங்குவது என்று அவளுக்குக் கூச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து, பேரக்குழந்தைக்குப் பல் முளைத்த கதையை விசாரித்தாள். சம்பந்தி பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் ஏறி இறங்குவதற்குள் பின்சீட்டிலிருந்து குறட்டைதான் வந்தது. அதிலிருந்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம், “நம்ம வண்டியிலதான் சம்பந்தியம்மா குறட்டை விட்டாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். மானம் போகிறது, தயவுசெய்து நிறுத்தச் சொல் என்று அவள் மகளிடம் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று.

ஆக, ரப்பர். கழற்றிக் கொண்டுபோன இரும்புக் கைகளில் மெக்கானிக் புதுப் புஷ்ஷை அழுத்தி ஏற்றிக் கொடுத்தார். மாட்டுவதை நானே செய்கிறேன் என்று கண்ணாடிக்காரர் வாங்கி வந்துவிட்டார். கடுகளவு திருகாணியை முடுக்குகிறவருக்குக் கட்டைவிரல் பருமன் போல்ட் ஒரு பொருட்டா? மச்சினன் துணைக்கு வந்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, மாட்டி முடித்தார்கள்.

“இப்படியே முடுக்கிடலாம் அத்தான். என் வண்டிக்கும் நான் அப்படித்தான் செஞ்சேன்” என்றான் அவன்.

மறுநாள் காலை ‘டக் டக்’ இல்லை. அதற்குப் பதிலாக வண்டி முனகியது. முன்பக்கம் விறைத்துக்கொண்டு, பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மனைவி கண்ணைத் திறக்காமலே, “இதுக்கு என்ன வலி?” என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் நேரே மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னார். மெக்கானிக் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கண்ணாடிக்காரர் போட்டுக் கொடுத்ததுதான்.

“இதோட காதுக் கம்பியை எங்க வச்சு வளைச்சீங்க? மேசையிலயா, என் மூஞ்சியிலயா?”

“மூஞ்சியில போட்டுப் பார்த்துத்தான். மேசையில வளைச்சா காதுல உட்காராதே.”

“ரப்பரும் அப்படித்தாங்க. நீங்க மேசையில வளைச்சுட்டீங்க.”

சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பாலி புஷ் உள்ளே வழுக்கிச் சுழலும், எப்படி முடுக்கினாலும் அதற்குக் கவலையில்லை. ரப்பரோ முடுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிக்கொண்டே கிடக்கும். நாளடைவில் கிழிந்தும் போகும்.

மெக்கானிக் வண்டியைப் பட்டறையில் ஆள் இறங்கி வேலை செய்யும் பள்ளத்தின் மேல், நான்கு சக்கரத்திலும் நிற்கவைத்து போல்ட்டுகளைத் தளர்த்தினார். ‘டொப்’ என்று ஒரு சத்தத்தோடு முன்பக்கம் மூச்சு விட்டுத் தாழ்ந்தது. அப்படியே முடுக்கினார்.

அடுத்த நாள் காலை அவள் ஏறினாள், கதவைச் சாத்தினாள், வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். பழைய பள்ளங்கள் அத்தனையும் அதே இடத்தில்தான் இருந்தன. வண்டி ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டு போனது. வீட்டு வாசல் வந்தபோது மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் நிறுத்தவில்லை. கடை திறக்க நேரமாகும், ஆகட்டும் என்று தெருவைச் சுற்றி, பாலம்வரை போய்த் திரும்பினார். மறுபடியும் வாசல். மறுபடியும் நாற்காலி. மறுபடியும் பாலம்.

வெயில் முகத்தில் விழ, அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“வீடு வந்துடுச்சாங்க?”

“வந்துச்சு. போயிடுச்சு. திரும்பவும் வந்துச்சு.”

அவள் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தாள்.

“அப்ப இன்னொரு தடவை வரட்டும்.”