தனகோட்டி இறைத்த கிணறு

தனகோட்டியின் கிணற்றில் தண்ணீர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் மூன்று வருடமாகத் தெரியாது.

ஊர் வல்லத்துக்குப் பக்கம். செஞ்சி பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கிணறு அவள் மாமனார் வெட்டியது, இருபதடி அகலம், நாற்பதடி ஆழம், பாதிக்கு மேல் பாறை. கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் ஓர் எண் இருக்கும். நிலத்தடி நீர் அலுவலகம் அளவெடுக்கிற கிணறு என்று அதற்கு அர்த்தம். தை மாதம் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் ஆள் வந்து, டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் குறிப்பு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீருக்கென்று இந்த மாநிலத்தில் இரண்டாயிரத்து மூன்றில் ஒரு சட்டம் போட்டார்கள். பத்து வருடம் அமலுக்கே வராமல் கிடந்தது. பிறகு அதையும் ரத்து செய்தார்கள். அதற்கப்புறம் அரசாணைதான். எந்தப் பிர்க்காவில், அதாவது எந்த வருவாய்க் குறுவட்டத்தில், நீர் அளவுக்கு மேல் உறிஞ்சப்படுகிறது, எதில் பரவாயில்லை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிகமாக உறிஞ்சிய பிர்க்கா என்று பெயர் விழுந்துவிட்டால், அங்கே தண்ணீர் எடுத்து விற்கிறவனுக்குத் தடையின்மைச் சான்று கிடையாது. கேன் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். பெயர் விழுவதும் விழாததும் இந்த மாதிரிக் கிணறுகளின் அளவைப் பொறுத்தது.

அந்த ஊரில் கேன் கம்பெனி ராஜாங்கத்துடையது. தனகோட்டியின் புருஷன் கன்னியப்பனுக்குப் பங்காளி, வயதில் மூத்தவர். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். நோயாளி பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் என்பதால் ஏழு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டது நான். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். படுக்கையில் கிடப்பவரையும் பக்கத்தில் இருப்பவளையும் யாரும் ஆளாக நினைப்பதில்லை. எல்லாவற்றையும் எங்கள் முன்னாலேயே பேசுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். மீதியைத் தனகோட்டி சொன்னாள்.

தனகோட்டி மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டேகால் ஏக்கர், ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. கிணறு கோடையிலும் பத்தடி நிற்குமாம். ராஜாங்கம் வரப்பிலிருந்து நாற்பதடி தள்ளி எண்ணூறு அடிக்குப் போர் போட்டார். இரண்டாவது வருடம் கிணறு சேறானது. மூன்றாவது வருடம் அந்தச் சேறும் வெடித்தது. கன்னியப்பன் இரண்டு இடத்தில் போர் போட்டுப் பார்த்தான். இரண்டிலும் புகைதான் வந்தது. பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன் ஆனான். டேங்கர் லாரி வந்தால் கேட்டைத் திறப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. ஐந்தாவது வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

பிணம் ஊருக்கு வந்த அன்று நான் இருந்தேன். குளிப்பாட்டுவதற்குப் பங்காளிகள் குடத்தோடு செத்தவனுடைய கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டும். மேளத்தோடு போனார்கள். வெறும் குடத்தோடு திரும்பினார்கள். ராஜாங்கம் கம்பெனிக்குப் போன் போட்டு இருபது கேன் வரவழைத்தார். அவர் படம் ஒட்டிய கேன்கள். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நம்ம தண்ணி இல்லன்னா கன்னியப்பன் இன்னிக்கி அழுக்கோடதான் போயிருப்பான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். தனகோட்டி அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். அப்புறம் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மாதமே அவளைக் கம்பெனியில் கேன் கழுவக் கூப்பிட்டார். போனாள். வேறு வேலை இல்லை, மகள் தமிழினி திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் கழுவினாள். விரலிடுக்கெல்லாம் புண். நான் களிம்பு கொடுத்து, ராத்திரியில் தடவிக்கொள்ளச் சொல்வேன். "இது எங்க கெணத்துத் தண்ணிதானேக்கா, இன்னா செஞ்சிடும்" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ராஜாங்கம் அவளிடம் வந்தார்.

"தனகோட்டி, உன் கெணத்துல ரெண்டு லோடு ஊத்திக்கட்டுமா?"

"எதுக்கு மாமா?"

"சும்மா கெடக்குதே. கெணறு காஞ்சி கெடந்தா சுவரு இடிஞ்சி வுழும். உனக்குதான் நல்லது. அளந்துட்டுப் போனதும் நீயே எறச்சி வுட்டுக்க."

அவள் சரி என்றாள். தையிலும் கோடையிலும், அளக்க ஆள் வருவதற்கு முந்தைய நாள் டேங்கர்கள் வரும். அளந்து முடிந்ததும் அவள் அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு நிலத்துக்கு விடுவாள். பழைய ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரும் இலவச மின்சார இணைப்பும் அப்படியே இருந்தன. உண்மையில் எதற்காக ஊற்றுகிறார் என்று அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. முக்கால் ஏக்கர் நனைகிறது, அது போதும் என்று இருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு, அதை அவளே சொல்வாள்.

போன வருடம் கோடையில் அளக்க வந்தது அனு என்கிற புதுப்பெண். வெயிலில் மோர் குடித்துக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"உங்க கெணறு ஒண்ணுதாம்மா இந்தப் பிர்க்காவத் தூக்கி நிறுத்துது. மத்த கெணறெல்லாம் அடியில போயிடுச்சி. இதுவும் எறங்கிட்டா அவ்ளோதான், செவப்பு லிஸ்ட்டு."

"செவப்பானா இன்னா ஆவும் மேடம்?"

"கேன் கம்பெனிக்கு சான்று புதுப்பிக்க மாட்டாங்க. டேங்கர் ஓட்ட முடியாது. மானியத்துல போர் போட்டுத் தர்றாங்க பாருங்க, அதுவும் கெடையாது."

தனகோட்டி மானியப் போருக்கு மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிறு விவசாயிகள் பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக இருந்தது. அடுத்த வருடம் நிச்சயம் என்று செஞ்சி ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அந்தாளுக்கு சான்று எப்ப முடியுது?"

"மாசியில. தையில அளக்கறதப் பாத்துதான் புதுப்பிப்பாங்கன்னு போன்ல பேசினு இருந்தாரு."

"தேதி தெரிஞ்சா சொல்லு."

"உன் கெணறு காஞ்சிடுச்சின்னு எழுதிட்டா உன் போரும் போயிடும், தெரியுமில்ல? நாலாவதா நிக்கற."

"போவட்டும்."

"யோசிச்சி சொல்லு. பொண்ணு இருக்குது."

"பொண்ணு படிச்சிட்டா. அவ இந்த மண்ணுக்கு வரப் போறதில்ல. ஆறு வருசமா யோசிச்சினு தான்க்கா கேன் கழுவறேன்."

மார்கழிக் கடைசியில் ராஜாங்கத்துக்கு, அளக்க வரும் தேதி போனில் வந்தது. மறுநாள் நான் அவளுக்குச் சொன்னேன்.

அளவு எடுக்கிற நாள் தை அமாவாசையன்று விழுந்தது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் சனம் வரும். கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க ராஜாங்கத்தின் டேங்கர்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். அவரும் விடியற்காலையிலேயே போய்விடுவார், ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டவர். அதனால் முந்தைய நாள் மத்தியானத்திலேயே ஊற்ற ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை சான்றுக்கான வருடம் என்பதால் பத்து லோடு. கிணற்றில் பதினாலடித் தண்ணீர் நின்றது.

"காலையில அந்தப் பொண்ணு வந்தா மோர் குடுத்து நல்லபடியா அனுப்பி வுடு. புடவ வாங்கியாரேன் உனக்கு" என்றார் ராஜாங்கம்.

"சரி மாமா. பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள் தனகோட்டி.

காலை ஆறு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. அவள் மோட்டாரைப் போட்டாள். மார்கழியில் விதைத்த உளுந்துக்கு நீர் பாய்ந்தது. எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. அப்போது கிணற்றில் இன்னும் ஏழடி இருந்தது. அனு பதினொரு மணிக்கு வர வேண்டியவள். தனகோட்டி மோட்டார்க் கொட்டகையில் உட்கார்ந்து, மின்சாரம் வந்தால் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். சாமி கும்பிட்டாயா என்று கேட்டேன். "கும்பிடல. வெச்ச கண்ணு வாங்காம பாத்துனு இருந்தேன்" என்றாள். முக்கால் மணி கழித்து விளக்கு எரிந்தது.

ராஜாங்கத்தின் மகன் சிவசங்கர் ஒன்பதரைக்கு அந்த வழியாக வண்டியில் போனான். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நிறுத்தினான்.

"இன்னா சின்னம்மா! மோட்டார் ஓடுது?"

"ஆமாம்ப்பா. உளுந்து வாடுது."

"இன்னிக்கி அளக்க வர்றாங்க! நிறுத்து மொதல்ல!"

"உங்க நைனாதான் எறச்சி வுட்டுக்கச் சொன்னாரு."

"அளந்ததுக்கு அப்புறம் சின்னம்மா! தெரிஞ்சினே செய்யறியா?"

"எங்க கெணறு, எங்க மோட்டார். இன்னாத்துக்குக் கத்தற?"

அவன் கொட்டகைக்குள் நுழையப் பார்த்தான். அவள் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் வீட்டுக்கு ஓடி வந்தான். நான் அப்போதுதான் கிழவருக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலில் பம்பையும் உடுக்கையும் அடிக்கிற இடத்தில் போன் எங்கே கேட்கும்? பதினோரு தடவை போட்டான். டிரைவர்களுக்கும் போட்டான். கடைசியில் ஒரு டிரைவர் எடுத்து, கூட்டத்தில் வண்டியைத் திருப்பவே முடியாது, சாயங்காலம்தான் என்றான்.

"தாத்தாவப் பாத்துக்கம்மா" என்று என்னிடம் கத்திவிட்டு அவன் ஓடினான். கிழவர் தூங்கியதும், அவர் மருமகளிடம் சொல்லிவிட்டு நானும் போனேன்.

நான் போன நேரம் அனு வந்திருந்தாள். மோட்டார் காற்றை இழுத்துக் கரகரத்துக்கொண்டிருந்தது. தனகோட்டி நிறுத்தினாள். அனு டேப்பை இறக்கினாள். டேப் முனையிலிருந்த குண்டு சேற்றில் விழுந்த சத்தம் மேலே கேட்டது.

"காஞ்சிருக்குதே!" என்றாள் அனு. பிறகு எட்டிப் பார்த்தாள். சுவரில் பதினாலடி உயரத்துக்கு ஈரம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. வாய்க்காலையும் பார்த்தாள். "இன்னாம்மா இது? நேத்து தண்ணி இருந்துதா?"

"மேடம், சின்னம்மா காலையிலேர்ந்து எறச்சிட்டாங்க. நேத்து நெறைய இருந்துது. நாளைக்கி வந்து அளந்துக்கங்க" என்றான் சிவசங்கர்.

"நாளைக்கி ஊறிடுமா?"

"ஊறும் மேடம்."

தனகோட்டி அவனைப் பார்த்தாள். "எங்கேர்ந்துப்பா ஊறும்? மேல்மலையனூர்லேர்ந்தா?"

எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. அனுவுக்கு வரவில்லை. "என்ன நடந்துதுன்னு ஒழுங்கா சொல்லுங்க" என்றாள்.

தனகோட்டி சொன்னாள். பத்து லோடு. யாருடைய டேங்கர். மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு தடவை. அதில் தானும் தண்ணீரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்ததையும் விடவில்லை. சிவசங்கர் நடுநடுவே "பொய்யி மேடம்" என்றான். அனு கேட்டுக்கொண்டே ஈரத்தைப் படம் எடுத்தாள். முடிந்ததும் தாளை எடுத்தாள்.

"இத எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுப்பீங்களா? குடுத்தா பழைய அளவெல்லாம் தள்ளிடுவாங்க. பிர்க்கா செவப்பாயிடும். உங்க மனு இருக்குதுன்னு சொன்னீங்க இல்ல, மானியப் போரு. அது கெடைக்காது. தெரிஞ்சிக்கிட்டு போடுங்க."

"சின்னம்மா," சிவசங்கரின் குரல் மாறியது. "போர் நாங்க போட்டுத் தர்றோம். நைனா கிட்ட நான் பேசறேன். மானியம் எதுக்கு? எண்ணூறு அடி, உன் பேர்ல. கையெழுத்து போடாத."

தனகோட்டி கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். போடமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் போர் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"யக்கா, டேங்கர் நம்பரும் எழுதணும். நீ பாத்தியா?"

நான் பார்த்திருந்தேன். சொன்னேன். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே சாட்சி என்று நானும் போட்டேன். அன்று சாயங்காலமே ராஜாங்கம் வீட்டில் என் வேலை போயிற்று. அதற்குத் தயாராக, செஞ்சியில் வேறு வீடு பேசி வைத்திருந்தேன்.

மாசியில் சான்று புதுப்பிக்கப்படவில்லை. பங்குனியில் அதிகாரிகள் வந்து கம்பெனி மோட்டாருக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு டேங்கர்கள் விற்றுப் போயின. தனகோட்டியின் மனு, 'பிர்க்கா தகுதியில்லை' என்று ஒரு வரியோடு தபாலில் திரும்பி வந்தது. அவள் அதை எனக்குக் காட்டினாள். மடித்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டாள். இப்போது செஞ்சி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கிறாள். கை ஆறிவிட்டது.

சித்திரையில் ஒரு காலை, கடை திறக்கும் முன் நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் வந்தார். வேட்டி கசங்கியிருந்தது. என்னைப் பார்க்காத மாதிரி அவளிடம் பேசினார்.

"எனக்கும் இல்ல, உனக்கும் இல்லன்னு பண்ணிட்ட. போர் போட்டுத் தர்றேன்னு பையன் சொன்னானே. கேட்டிருந்தா இந்நேரம் நெல்லு நட்டிருப்ப. இப்ப கட பெருக்கற. இன்னா கண்ட நீ?"

தனகோட்டி டீயைக் குடித்து முடித்தாள்.

"உனக்கு இல்லன்றதக் கண்டேன் மாமா" என்றாள். "அது போதும் எனக்கு."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அவள் கிளாஸை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.