பகல் நேர அட்மின்

அச்சகத்தில் லேபிள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலிருந்து பைண்டிங் பகுதிப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள்.

"அக்கா, ஒத்தச் செருப்போட எங்க கிளம்பிட்டீக?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. அது உள்ளே மிஷின் பக்கத்தில் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சித்திரை வெயில், வேலை தலைக்கு மேல் கிடந்தது. கால் கொஞ்சம் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் இரண்டு பாதங்களும் பஞ்சின் மேல் நிற்பது போலிருந்தது. அதற்கடுத்த நாள் மாடிப்படியில் கால் ஏறவில்லை. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் என்னுடையது, ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிறது. வீடு விருதுநகரில். என் வீட்டுக்காரர் என்னை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டு போனார். கல்யாணத்தில்கூட அவர் என்னைத் தூக்கியதில்லை.

டாக்டர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. பிறகு நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். சமீபத்தில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். வந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு. அதை மறந்தே போயிருந்தேன்.

கில்லன் பாரே என்று பெயர் சொன்னார் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பு, ஆள் மாறித் தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடும் நோய்). காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசை வரை ஏறினால் ஆபத்து. அதனால் தினமும் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று சத்தமாக எண்ணச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு கவனமாக எண்ணியதில்லை. பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இதே பெயரைச் சொல்லியிருந்தால், எனக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். என் டாக்டர் இதற்கு மேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

இம்யூனோகுளோபுலின் (நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நோய் மூச்சுத் தசை வரை ஏறாமல் நின்றது. கைகள் பலவீனமாயின, ஆனால் முழுக்கப் போகவில்லை. வலது கட்டைவிரல் மட்டும் என் பேச்சைக் கேட்டது. அந்த ஒற்றை விரலை வைத்துக்கொண்டு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரை.

என்னிடம் ஒரு பழைய பத்மினி கார் இருக்கிறது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அப்படித்தான் பெயர்) கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்த பெயர் தகர டப்பா. அதற்கு ஒரு கார்புரேட்டர் உறுப்பு தேடப்போய், என்னைப் போன்ற ஏழெட்டுப் பைத்தியங்கள் இந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. பழைய வண்டிக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் தொடங்கினேன். 'வண்டி கிளம்பலை', 'பார்ட்ஸ் வேணும்', 'சும்மா அழகு பாருங்க' என்று மூன்று பகுதிகள். விலை கேட்கக் கூடாது என்பது ஒரு சட்டம். குட்மார்னிங் படம் போட்டால் ஒரு வாரம் வெளியே என்பது இன்னொன்று.

ஆனால் மன்றம் வளரவில்லை. காரணம் எங்கள் ஊர்தான். உறுப்பினர்களில் பாதிப்பேர் பட்டாசுத் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள். கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே எந்தப் பொறியும் ஆகாது. காலையில் வெளியூர்க்காரர் ஒருவர் கேள்வி கேட்டால் சாயங்காலம் வேலை விட்டுத்தான் பதில் வரும். அதற்குள் அவர் மனம் வெறுத்துப் போயிருப்பார்.

இப்போது பாருங்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எனக்குப் பகல் முழுக்க ஓய்வு. கையில் போன். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களிலேயே எனக்கு மட்டும்தான் அந்தப் பாக்கியம்.

ஒரு மத்தியானம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பழைய ஹெரால்டு வண்டி வைத்திருப்பவர். சாத்தூர் தாண்டி நாற்கர சாலையில் வண்டி நின்றுவிட்டது, மனைவி வெயிலில் நிற்கிறாள், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். நான் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். 'பெட்ரோல் பம்ப் சூட்டில் ஆவி அடைத்திருக்கும். ஈரத்துணி சுற்றிக் கொஞ்சம் பொறுங்கள்.' இதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவர் பதில் போட்டார். வண்டி கிளம்பிவிட்டதாம். துணி அவர் மனைவியின் புதுத் துண்டாம், அதில்தான் சண்டையாம்.

அவர் சும்மா இருக்கவில்லை. 'பகலிலும் பதில் சொல்லும் மன்றம்' என்று கோயம்புத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து சேலம், புதுச்சேரி என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் (தசைப் பயிற்சி கொடுப்பவர்) விரல்களுக்கு ரப்பர் பந்து கொடுத்தார். நான் பந்தை ஓரம் வைத்துவிட்டு அம்பாசிடர்காரர்களுக்குப் பதில் எழுதினேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆள்காட்டி விரல் வந்த அன்று, மன்றத்தில் நான்காவது பகுதி ஒன்று திறந்தேன்.

அறையில் ஜன்னல் இல்லை. ஆனால் ஊர் நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். பகலில் திடீரென்று எம். புதுப்பட்டி பட்டாசுத் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மன்றத்துக்குள் வந்தால், அங்கே இடி மின்னல் என்று அர்த்தம். மின்னல் வெட்டினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். "என்னங்க, புதுப்பட்டியில மழை" என்பேன். என் வீட்டுக்காரர் நர்ஸைக் கூப்பிட்டு, இவளுக்கு நோய் மூளைக்கும் ஏறிடுச்சா என்று பாருங்கள் என்பார்.

வீட்டுக்கு வந்தேன். சக்கர நாற்காலியிலிருந்து வாக்கருக்கு (நான்கு கால் உள்ள பிடிமானச் சட்டம்) மாறினேன். அங்கே நின்றுவிட்டேன். ஒருமுறை வாக்கர் இல்லாமல் குளியலறையில் முயன்று விழுந்ததிலிருந்து, அதை விட்டுக் கையை எடுக்க என்னால் முடியவில்லை. வாரங்கள் போயின. அச்சகத்தின் ஏணிப்படி, மிஷின் சந்து எதிலும் வாக்கர் நுழையாது. அதை விடாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.

"நரம்பு தயாரா இருக்கும்மா," என்றார் டாக்டர். "நீங்கதான் இன்னும் தயாராகல. அவசரப்படுத்த மாட்டேன்."

அவர் அவசரப்படுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார். பதிலாக, நான் மன்றத்தின் முதல் சந்திப்பை ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். தீபாவளி முடிந்து தொழிற்சாலைகளுக்கு விடுமுறை விட்ட பிறகு, ஆமத்தூர் பக்கம் ஒரு காலி மைதானத்தில். கேட்டில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். மன்றத்தின் மூத்த உறுப்பினர் மாரியப்பன், எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் போர்மேன், ஆள் பிடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"எங்க ஆபீஸ் வாட்ச்மேன் காளிமுத்து அண்ணன் லீவுலதான் இருக்காரு. கேட்டுன்னா அவருதான்க்கா. ஒரு குறை சொல்ல முடியாது."

உண்மையிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாது. காளிமுத்து அண்ணன் ஆயுள் முழுக்க எதைச் செய்தாரோ அதையே சந்திப்பு நாளன்றும் செய்தார். வருகிற ஒவ்வொரு வண்டியையும் கேட்டில் நிறுத்தினார்.

"போனையெல்லாம் இந்தப் பையில போடுங்க. தீப்பெட்டி, லைட்டர் இருந்தா அதையும் போடுங்க. இஞ்சினை ஆஃப் பண்ணி உள்ள தள்ளிட்டு வாங்க. பழைய வண்டி, சைலன்சர்ல பொறி பறக்கும்ல."

எங்கள் ஊர்க்காரர்கள் பழக்கத்தில் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்ச் சட்டம் போலிருக்கிறது என்று போட்டார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இணையத்தில் பிறந்த மன்றம், முதல் சந்திப்பில் ஒரு போன் இல்லை, ஒரு படம் இல்லை. மன்றத்தில் புனைபெயரில் மட்டுமே பழகியவர்கள் "நீங்கதான் புகைவண்டியா, நீங்கதான் பச்சைக்கிளியா" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்டு வந்த கோயம்புத்தூர் அதிகாரி, ஹெரால்டைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். நானும் என் போனைப் பையில் போட்டேன். அட்மினே போட்டால் யார் கேட்பது?

எங்கள் பத்மினியின் ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர். தள்ளுகிறவர்களுக்குப் பாரம் குறையட்டும் என்று நான் வாக்கரோடு இறங்கிக்கொண்டேன். முந்தின நாள் தூறலில் மண் இளகியிருந்தது. வாக்கரின் கால்கள் புதைந்தன. இழுத்தால் வரவில்லை.

"அதை விடுங்கக்கா," என்றார் மாரியப்பன். "டிக்கியைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நீங்க தள்ள வேண்டாம், நான் தள்ளுதேன்."

இரண்டு கைகளையும் டிக்கியின் மேல் வைத்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பக்கத்தில் யாரோ அம்பாசிடரைத் தள்ளிக்கொண்டே எனக்கு வணக்கம் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். பேச்சும் சிரிப்புமாக மைதானத்தின் பாதிக்கு மேல் வந்துவிட்டோம்.

பத்மினியின் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அது பிடிபடாது. நியூட்ரல் கிடைக்காமல் அத்தனை தூரமும் கிளட்சை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். சாவியும் ஆன். கால் வலித்து எடுத்துவிட்டார். தள்ளுகிற வேகத்தில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு உலுக்கல், ஒரு புகை, டுப்பென்று ஒரு சத்தம். வண்டி பாய்ந்து போய்விட்டது.

"ஏலே, ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுலே!" காளிமுத்து அண்ணன் வயதையும் மரியாதையையும் மறந்து பின்னாலேயே ஓடினார். மாரியப்பனும் ஓடினார். மைதானமே வண்டியைப் பார்த்துச் சிரித்தது.

என் கைகள் டிக்கியின் உயரத்திலேயே நீட்டியபடி இருந்தன. கீழே ஒன்றும் இல்லை. நான் விழவில்லை.

நிற்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. குதிகாலில் ஒன்று இழுத்தது, முழங்கால் அதற்குப் பதில் சொன்னது, இடுப்பு இரண்டையும் சமாதானப்படுத்தியது. உடம்பு முழுக்க ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எப்போது வேலைக்குத் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாரங்களை வீணாக்குவதாக நினைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர்கள் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். கைகளை மெல்லக் கீழே இறக்கினேன், வெயிலில் தனியாக நின்றேன், மனது நிறைகிற வரை நின்றேன்.

அப்புறம்தான் "என்னங்க" என்று கூப்பிட்டேன்.