புயல் கரையைக் கடந்த பிறகு

போன கார்த்திகையில் வங்கக்கடலில் ஒரு புயல் கிளம்பி, என் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கும் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். அந்த நான்கு நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் எங்களுக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சனிக்கிழமை பஜனைக் குழுவில் பலர் கேட்டும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். காரணம் வேறொன்றுமில்லை. இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி எதுவும் கிடையாது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி எங்களுக்குத் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு. நான், மனைவி பேச்சியம்மாள், இரண்டு மாடுகள், இவ்வளவுதான் அங்கே இருப்பது. ஒரே மகள் கோதையைத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அந்த வீட்டில் கோதையும் அவள் மாமியாரும் மட்டும்தான். என் சம்பந்தியம்மா உப்பளத்தில் வேலை பார்த்தே பிள்ளையை ஆளாக்கியவர். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும்.

செவ்வாய்க்கிழமை டிவியில் புயல் செய்தியைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். பிள்ளையை இன்றைக்கே அனுப்பி வையுங்கள் என்றேன்.

"அண்ணாச்சி, அடுத்த வாரம் வளைகாப்பு வச்சிருக்கோம். வளையல் போடாம வெறுங்கையோட எப்படி அனுப்புவேன்? கூண்டு இன்னும் மூணுதான் ஏத்திருக்காவ. நீங்க அலறாதீங்க" என்றார்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக்காக ஏற்றுகிற கூண்டைத்தான் சொன்னார். எண் கூடக் கூட ஆபத்து கூடுதல் என்று அர்த்தம். நாம் காய்ச்சலை டிகிரியில் சொல்வதைப் போல அவர்கள் கூண்டில்தான் பேசுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "கூண்டு ஏறட்டும்னு எம்பிள்ளைய வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பீகளோ?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு அழுகை வந்தது. ராணுவத்தில் இருந்தவன் அழலாமா என்றால், மகளைப் பெற்றவன் அழலாம்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். நாச்சியார் சந்நிதியில் நின்று இதைத்தான் கேட்டேன்: "தாயே, என் பிள்ளையைக் கடலிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து என் கண்ணில் காட்டு. அவளையும் எங்கள் குடும்பத்தையும் கூட்டிவந்து உன் வாசலில் நிறுத்துகிறேன்." வேறு எதுவும் கேட்கவில்லை. மாலை வாங்கிச் சாத்தக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார். "அஞ்சாம் நம்பர் ஏத்திட்டாவ அண்ணாச்சி. பஸ் ஏறிட்டோம். ராஜபாளையத்துக்கு வந்து கூட்டிட்டுப் போங்க." அவர் மனம் மாறியது கூண்டினாலா, நாச்சியாராலா என்று நீங்கள் கேட்கலாம். கூண்டை ஏற்றச் சொன்னது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். சண்டை வேண்டாம், விடுங்கள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இறங்கியபோது முதலில் மகளின் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். நடுவே வேப்பிலைக் காப்பு. கிளம்புகிற அவசரத்திலும் மாமியார்க்காரி விளக்கேற்றி, தானே ஒற்றை ஆளாக வளையல் போட்டு அழைத்து வந்திருக்கிறார். முந்தின நாள் போனில் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வந்த அன்றைக்கே சம்பந்தியம்மா எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஓடை எவ்வளவு தூரம், ரோட்டுக்குப் போக வேறு வழி உண்டா, தரைப்பாலம் எவ்வளவு உயரம் என்று என்னை விசாரித்தார். ரோட்டுக்குப் போக அந்த ஒரு தரைப்பாலம்தான். பிறகு நிலப்பட்டா, ரேஷன் கார்டு, கோதையின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துப் பரணில் ஏற்றினார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், ஒவ்வொரு செய்தி முடிந்ததும் புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. "சம்பந்தியம்மா, இது மலையடிவாரம். இங்ஙன கோழிக்கூண்டு மட்டுந்தான் உண்டு" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிச் செய்தியில், புயல் கரையைக் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். நினைத்த இடத்துக்கு வடக்கே தள்ளிக் கடந்திருந்தது. கோதையின் ஊரில் காற்று அடித்ததோடு சரி, சேதம் ஒன்றுமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். நான் வாசலில் தேங்காய் உடைத்தேன். சூடம் கொளுத்தினேன். "எல்லாம் முடிஞ்சது. ஏட்டி, பரண்ல இருக்கத இறக்கு. மத்தியானம் வடை பாயாசத்தோட சாப்பாடு" என்று மனைவியிடம் சொன்னேன். எங்கள் பக்கம் லேசாக வெயில்கூட அடித்தது. மலை உச்சி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

சம்பந்தியம்மா மட்டும் காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கரையைக் கடந்துட்டுன்னா எங்களுக்குத்தான் முடிஞ்சது அண்ணாச்சி. அது மேக்கதான வருது? இங்க மலை மறிச்சு நிக்கி. அங்க வந்து கொட்டாம எங்க போவும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, உப்பளத்தில் இருந்து வந்தவர் மழை சொல்லித் தருவதா? கடந்துவிட்டது என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். "அடுப்படி வேலை கெடக்கு, அதப் பாருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

அவர் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார். செத்த நேரம் கழித்து வந்து, வேறு குரலில் கேட்டார். "நாச்சியாருக்கு நேந்திருக்கீங்கன்னு கோதை சொன்னா. பிள்ள நல்லபடியா வந்துட்டா. புயலும் தாண்டிட்டு. நேந்தத நாள் கடத்தலாமா? இன்னைக்கே போயிட்டு வந்திருவமே."

இதற்கு நான் என்ன மறுப்புச் சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை வேறு. ஆட்டோவுக்குச் சொன்னேன். பேச்சியம்மாள், "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் சமைச்சு வைக்கேன்" என்றாள்.

"குடும்பத்தோடதான நேந்தாவ? நீங்க இல்லாம எப்படி மதினி?" என்று சம்பந்தியம்மா அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பரணிலிருந்து இறக்கிய வாளியையும் மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது தொழுவத்துக்குப் போய் இரண்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டார். "ஏன் அவுக்கீக?" என்று கேட்டேன். "நிக்கட்டும் அண்ணாச்சி, மேயட்டும்" என்றார். அந்த மாடு தென்னங்கன்றைக் கடித்தால் யார் பொறுப்பு என்று தரைப்பாலம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பதினொன்றரை மணிக்குச் சந்நிதியில் இருந்தோம். கோதை கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். வளையல் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. கும்பிட்டு முடித்து வெளியே வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. ஒரு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. மம்சாபுரத்தில் இருக்கிற என் மைத்துனர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம்.

மூன்றரை மணிக்கு, எங்களுக்குக் கீழ்ப்பக்கம் தோப்பு வைத்திருப்பவர் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "மலைத்தண்ணி வந்துருச்சுய்யா. தரைப்பாலம் தெரியல. உங்க வீட்டு ஜன்னலு மட்டுக்கும் தண்ணி. நீங்க உள்ள இருக்கீகளா?"

நாங்கள் மம்சாபுரத்தில் இருக்கிறோம் என்றேன். மறுமுனையில் அவர் "அப்பாடா" என்றது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

நான் போனை வைத்துவிட்டுச் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் கோதைக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுதான் கூட்டியாந்தீகளா?" என்று கேட்டேன்.

"தண்ணி வரும்னு சத்தியம் பண்ண எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பயமா இருந்துச்சு. ஆனா புயல்னு சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. சாமின்னு சொன்னா கேப்பீங்க."

அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய், "என்ன அண்ணாச்சி இது" என்று எழுந்துவிட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்து பாக்கி வைத்திருந்த மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன்.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு நானும் மைத்துனரும் போய்ப் பார்த்தோம். தொழுவம் இருந்த இடத்தில் மணல் மேடிட்டிருந்தது. இரண்டு மாடும் மேட்டில் ஏறி, நனைந்துபோய் நின்றன. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. ஓடைப்பக்கத்துச் சுவர் மொத்தமாக விழுந்திருந்தது.

நம் குழுவில் ஒருவரிடம் மட்டும் அப்போதே இதைச் சொல்லியிருந்தேன்; அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனிதர், குத்தலாகக் கேட்கவில்லை. "கடற்கரையில் ஒன்றுமே ஆகவில்லையே. மகளை அங்கேயே விட்டிருந்தால் சுகமாக இருந்திருப்பாள். உங்கள் பிரார்த்தனை அவளை ஆபத்து இருக்கிற இடத்துக்கு அல்லவா இழுத்து வந்தது?" என்றார்.

ஒரு வாரம் அதையே நினைத்து மனம் குழம்பிக் கிடந்தேன். பேச்சியம்மாளிடம் சொன்னபோது அவள் சேறு படிந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவுக ரெண்டு பேரும் வராம இருந்திருந்தா, வெள்ளிக்கெழம மூணு மணிக்கு நீங்க எங்க இருந்திருப்பீக?" என்று கேட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டிலிருந்து நாலு மணிவரை தூங்குவது என் பழக்கம். ஓடைப்பக்கத்து அறையில் காற்று நன்றாக வரும் என்று அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட்டிருந்தேன். பக்கத்தில் பாய் விரித்து அவளும் கண்ணயர்வாள். சுவர் அந்தக் கட்டில் மேல்தான் விழுந்திருந்தது.

கோதைக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குச் சம்பந்தியம்மாதான் முன்னால் நின்றார். வீட்டை ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது டிவியில் புயல் என்று சொன்னால் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறேன். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, ஓடைக்கரையில் தோப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் போய்ச் சொல்கிறேன். சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது கஷ்டம் இருக்கும். நாச்சியாரிடம் போய் நின்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சந்நிதியில் நான் என் மகளுக்காக மட்டும்தான் கேட்டேன். அந்த வாரம் உயிருக்கு ஆபத்து இருந்தது எனக்கும் என் மனைவிக்கும். எங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.