நூர் பீவியின் கொட்டிலில் கோமாரி

ஜெலுத்தோங்கில் இறைச்சிக்கு மாடு வளர்த்த நூர் பீவிக்கு மாடுகள் மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் மவுத்தாகிப்போன கணவரின் தம்பி ஷேக் அலாவுதீன் மேல்தான். கணவருக்குப் பின் கொட்டிலை அவளே நடத்தினாள். மாடு வாங்கிவருவது மட்டும் அலாவுதீனின் வேலை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய சமயம், கடலுக்கு அக்கரையில் இருந்த பிறை என்ற ஊரிலிருந்து படகில் ஒரு காளையை ஏற்றிவந்தார். அதன் வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் வடிந்தது. காலை உதறி உதறி வைத்தது.

"தனியாக் கட்டுங்க தம்பி. எனக்கு இது சரியாப் படல."

"கடல் காத்து ஒத்துக்கல மதினி. வேற ஒண்ணுமில்ல லா."

அவள் பசாருக்குப் போய்த் தவிடு வாங்கித் திரும்புவதற்குள், அந்தக் காளை மற்ற மாடுகளோடு நின்று ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"தனியாக் கட்டுற எடத்துல கூரை ஒழுகுது மதினி. நனையுதேன்னு..."

நூர் பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கொட்டிலே எச்சில் ஒழுக்கியது. நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண். கோமாரிதான். படிகாரத் தண்ணீரால் வாய்களைக் கழுவி அவளுக்குக் கை மரத்தது. ஈ மொய்த்த புண்களில் புழு வைத்தது.

அலாவுதீன் மெல்ல வந்தார். "வாயத் தொடச்சிட்டு ரெண்ட இப்பவே வித்துரலாம் மதினி. பாத்தா தெரியாது."

"வாங்கிட்டுப் போறவன் மாட்டுக்கும் வருமே! பக்கத்துல பிச்சைமுத்து அண்ணனோட பால்மாடுங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவளே நடந்துபோய் அரசாங்க மாட்டு டாக்டரிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்து, தான் சொல்லும்வரை ஒரு மாடும் வெளியே போகக் கூடாதென்று வாசலை அடைத்தார். அலாவுதீன் அவளோடு பேச்சை நிறுத்தினார். அது ஒன்றுதான் நிம்மதி.

பெருநாள் தொழுகை முடிந்து தெருவெல்லாம் கறி மணந்தபோது, அவள் வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துக் குளம்புகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருந்தார்கள். ஒரு கன்று செத்தது. மற்றவை எலும்பு துருத்தப் பிழைத்தன.

வாசல் திறந்த அன்று பிச்சைமுத்து ஒரு செம்புப் பாலோடு வந்தார். "என் மாட்டுக்கு ஒண்ணும் வரல தங்கச்சி. ஒன்னாலதான்."

அவள் வாய் திறக்குமுன் அலாவுதீன் முந்திக்கொண்டார். "பின்ன? நாங்க சும்மாவா அடைச்சுப் போட்டோம்?"

நூர் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூலையில் கிடந்த கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இந்தச் சாணிய அள்ளுங்க தம்பி. அப்புறமா, நாங்க அள்ளினோம்னு சொல்லிக்கலாம்."