பதினொரு நிமிடம் யாரும் தரவில்லை

எலெக்ட்றிக் கிற்றார் என்பது சுவரில் கரண்ட் இருந்தால் வாத்தியம், இல்லாவிட்டால் கம்பி கட்டிய பலகை. இது தெரிந்துகொண்டே அதை யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் வாசித்தேன். நீங்களும் ஏதாவது ஒரு மேடையில் ஏறி, தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் இறக்கிவிடப்பட்டவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது விளங்காது.

நான் நீர்வேலியான். எழுபதுகளில் கொழும்புக்குப் போய் ஹோட்டல் பாண்டுகளில் புளூஸும் றொக்கும் வாசித்தேன். புளூஸ் பெரிய வித்தை இல்லை. மூன்று கோட் என்கிற சுரக்கூட்டு, நிறைய நேரம், கம்பியை விரலால் வளைத்து ஒரு சுரத்தை அதன் இடத்திலிருந்து தள்ளுவது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நான் இருந்த வாடகை அறையை எரித்தார்கள். கிற்றார் அன்று ஹோட்டலில் இருந்ததால் தப்பியது. அகதி முகாமில் இருந்தபடி, சத்தம் வெளியே போகாமல் கம்பியை அமத்திப் பிடித்து ஒரு பாட்டுக் கட்டினேன். அதற்குச் சொல் கிடையாது. நீளம் பதினொரு நிமிடம். கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை கிற்றாரும் அந்தப் பாட்டும்தான். அதை ஒரு தடவை, ஆட்களுக்கு முன்னால், முதலிலிருந்து முடிவுவரை வாசித்துவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை. சுலபம் என்று நினைத்தேன்.

இளகிய கம்பி

ஊரில் கிடைத்த வேலை, கோயில் திருவிழாக்களுக்குப் போகும் ஓர் இசைக்குழுவில். பக்திப் பாட்டில் தொடங்கி சினிமாப் பாட்டுக்கு வந்து, பைலா என்கிற சிங்கள ஆட்டப்பாட்டில் முடிப்பார்கள். கோப்பாயில் ஒரு கோயிலில், பாட்டுக்காரி வந்த கார் வழியில் நின்றுவிட்டது. அக்கோடியன் வாசிக்கும் எங்கள் குழுத் தலைவர் நவம் அண்ணை, சனம் எழும்பப்போகுது, எதையாவது வாசி என்றார். எதையாவது வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டைத் தொடங்கினேன்.

மூன்றாம் நிமிடத்தில் கோயில் தர்மகர்த்தா சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மேடையில் ஏறினார். நான் கம்பியை வளைத்த ஒவ்வொரு தடவையும் அவருடைய முகமும் வளைந்தது. நவம் அண்ணையின் காதுக்குள் ஏதோ சொன்னார். நவம் அண்ணை அக்கோடியனைத் தோளில் மாட்டத் தொடங்கினார். அதன்பிறகு தர்மகர்த்தா என் பக்கம் வந்து, காய்ச்சல்காரனோடு கதைக்கிற குரலில் சொன்னார்:

“தம்பி, கம்பி இளகிப்போச்சுப் போலை. அதை முறுக்கிப்போட்டுப் பிறகு வாரும்.”

வீதியில் பைலா

கிற்றார்ப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரிவது அந்த நாட்களில் புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை. அதன் நீளம் அப்படி. ஒரு நாள் வழியில் சிப்பாய்கள் பஸ் ஒன்றை மறித்துச் சனத்தை இறக்கி வரிசையாக விட்டிருந்தார்கள். என் பெட்டியைக் கண்டதும் துவக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. திறந்து காட்டினேன். வாத்தியம் என்றால் வாசி என்றார்கள். கரண்ட் இல்லாமல் அது நுளம்பு காதடியில் பறக்கிற மாதிரித்தான் சத்தம் போடும் என்பதை எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது?

வாசி என்றவுடன் விரல் போனது என் பாட்டுக்குத்தான். பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப்பாய் கம்பிக்குக் கிட்டக் காதைக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு தலையை ஆட்டி, பைலா என்றான். நடுவெயிலில், கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பஸ் சனத்துக்கு முன்னால் நான் பைலா வாசித்தேன். அவன் பூட்சால் தாளம் போட்டான். எல்லாரையும் போகவிட்ட பிறகு, பஸ்ஸில் ஏறப்போன ஒரு வாத்தியார் திரும்பி என்னிடம் வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“முதலே பைலாவிலை தொடங்கியிருக்கலாமே, ஐசே. அரை மணித்தியாலம் மிச்சமாகியிருக்கும்.”

ஒரே பந்தி

நீர்வேலியில் ஒரு கலியாணம். காலையில் நாதஸ்வரம், பின்னேரம் நாங்கள். நான் வாத்தியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நாதஸ்வரக்காரர் வெற்றிலையை மென்றபடி பக்கத்தில் வந்து நின்றார். இவரும் கம்பி இளகிவிட்டது என்று சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. கம்பியை எவ்வளவு தூரம் வளைக்கிறேன், எந்த இடத்தில் விடுகிறேன் என்று பார்த்தார். இரண்டு தடவை திருப்பி வாசிக்கச் சொன்னார். நான் செய்வது என்னவென்று தெரிந்த ஒருவர் ஊரில் கடைசியில் அகப்பட்டுவிட்டார். முழுப் பாட்டையும் கேட்கிறீர்களா என்று நான் வாயெடுக்க, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இலை. அவர் சோற்றில் கைவைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் நெஞ்சு நோக ஊதி வளைக்கிறதை நீர் ஒரு விரலாலை வளைக்கிறீர். பிறகென்னத்துக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பந்தி?”

தலையும் வாலும்

நிகழ்ச்சி நிரலில் என் பாட்டுக்கு ஓர் இடம் தரச்சொல்லி நவம் அண்ணையிடம் வருடக்கணக்காகக் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாள் ஒத்திகையில் மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சரி வாசி பார்ப்போம் என்றார். இரண்டாம் நிமிடத்தில் கையைக் காட்டினார். தலையிலே கொஞ்சம் வெட்டலாம், வாலிலே கொஞ்சம் வெட்டலாம், நடுவில் வருவதெல்லாம் ஒன்றுதானே, அதிலும் வெட்டலாம் என்றார். வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். அவர் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டார்.

“பதினொரு நிமிசத்திலை நான் மூண்டு பாட்டு வாசிச்சு, சனத்தைச் சிரிக்கவும் வைச்சுப்போடுவன். நீ ஒருத்தனைத் தூக்கிலை போடுறதுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறாய்.”

பழுதாய்ப்போன செத்தவீடு

என் பாட்டை அரைகுறையாகக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். நல்ல அழுகைப் பாட்டு. அது அழுகை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்ப என்ன என்று கேட்டார்கள். அதை வாயால் சொல்லத் தெரிந்தவன் ஏன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்?

இந்தப் பெயர் பரவி, தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் தேடி வந்தார். கப்பலில் வேலைசெய்து திரும்பியவர். தகப்பன் காலமாகிவிட்டார். தூரத்துத் துறைமுகங்களில் இப்படியான வாசிப்பைக் கேட்டிருக்கிறாராம், பிரேதம் எடுக்கும்முன் நான் வாசிக்க வேண்டுமாம். செத்தவீட்டுக்குக் கிற்றாரா என்று எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் செத்தவீட்டில் யாரும் இடையில் நிறுத்தி சினிமாப் பாட்டுக் கேட்க மாட்டார்கள். போனேன்.

ஒலிபெருக்கிக்காரர் தன் பெட்டியில் என் வயரைச் செருகித் தந்தார். பறை ஓய்ந்தது. தொடங்கினேன். ஐந்து நிமிடம் போனது. அதுவரை நான் போன ஆகக் கூடிய தூரம் அது. ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒப்பாரி நின்றுவிட்டது. கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டு என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வடிவாகப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் இருந்தவளை விலத்தினாள். செத்தவரின் தம்பி வந்து கிற்றாரின் கழுத்தைப் பிடித்தார்.

“நிப்பாட்டும், தம்பி. எல்லாரும் அழாமல் புதினம் பாக்கினம். அண்ணையின்ரை செத்தவீடு பழுதாய்ப் போகுது.”

பிறேக் கம்பி

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிக் கரண்ட் போனது, பிறகு வரவில்லை. தெற்கிலிருந்து வரக்கூடாது என்று அரசாங்கம் தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதில் கிற்றார்க் கம்பி இருந்ததா என்று தெரியாது. கடையில் கேட்டால் சிரித்தார்கள். சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்தால் உள்ளே மெல்லிய இழைகள் இருக்கும். அதில் ஒன்றை இழுத்துக் கட்டினால் முதலாம் கம்பிக்கு ஆகும். விரலை வெட்டும், துருநாற்றம் அடிக்கும், ஆனால் பாடும்.

கோப்பாயில் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு பிறேக் கம்பி கேட்டேன். என்ன சைக்கிள் என்றார். பொய் சொல்லியிருக்கலாம், கிற்றாருக்கு என்றேன். கையில் எடுத்ததைத் திரும்ப ஆணியில் கொழுவினார். குடாநாடே சைக்கிளில் ஓடுகிறது, பிள்ளைத்தாச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதும் சைக்கிளில், இவர் அதைப் பிரித்து றாங்கு றாங்கென்று இழுக்கப்போறாராம் என்று கடையில் நின்ற எல்லாரையும் சாட்சிக்கு இழுத்தார். நியாயம்தான். நியாயமான ஆட்களிடம் எனக்கு வருகிற எரிச்சல் மற்றவர்களிடம் வருவதில்லை. கடைசியில், அறுந்துபோன பழைய கம்பி ஒன்றை என் காலடியில் போட்டார்.

“பிறேக் பிடிக்காமல் ஆரும் கிணத்துக்கை போச்சினமெண்டால் நீதான் வந்து வாசிக்கவேணும், சொல்லிப்போட்டன்.”

வெறுந்தாள்

ஒரு கலைவிழா. மேடை ஏறுகிற எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். விழாவுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு என் வயதில் பாதி இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார், தேத்தண்ணி தந்தார், பாட்டின் சொற்களைக் கேட்டார். சொல் இல்லை என்றேன். அப்படியானால் கருத்தை எழுதித் தாருங்கள் என்றார். கருத்தும் இல்லை, கம்பிதான் இருக்கிறது என்றேன். விதி விதிதான் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளின் தலைப்பில் ‘பாட்டு’ என்று எழுதி, அடியில் கையெழுத்து வைத்து நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் இருந்த வெறும் இடத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே தந்தார்.

“இதை இப்பிடியே விடேலாது, ஐயா. ஆர் என்னத்தை நினைச்சுக் கேட்பினம் எண்டு எங்களுக்குத் தெரியாதெல்லோ.”

ஓய்ந்த சில்லு

கரண்டுக்கு மாற்றுவழி கண்டது ஊர்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் சில்லு ஓடும். சில்லோடு ஒட்டிய டைனமோ ஒரு றேடியோவுக்குப் போதுமான கரண்டைத் தரும். வீடுகளில் அப்படித்தான் செய்தி கேட்டார்கள். நான் ஒரு பழைய றேடியோவைத் திறந்து, கிற்றார் வயரைச் செருக அதில் வழிசெய்தேன். வேண்டியபோது றேடியோ, வேண்டியபோது கிற்றார். வாத்தியத்துக்குத் திரும்பக் குரல் வந்தது.

ஆனால் இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, கவனியுங்கள். கரண்ட் இருந்த காலத்தில் பிடிக்காதவன் எழும்பிப் போவான், நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கலாம். இப்போது கேட்பவர்கள் கையை எடுத்தால் நான் ஊமை. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக் கலியாணத்தில், சினிமாப் பாட்டுக்குப் பொம்பிளையின் தமையன்மார் முறை வைத்துச் சுற்றினார்கள், போட்டிபோட்டுச் சுற்றினார்கள். என் பாட்டைத் தொடங்கினேன். நாலாம் நிமிடத்தில் சத்தம் மெலிந்து, கரகரத்து, ஒரு வளைவின் நடுவில் செத்தது. திரும்பிப் பார்த்தால் சில்லு தானாக ஓடி ஓய்ந்துகொண்டிருந்தது. மூத்த தமையன், வாழைக்குலை தூக்கிப் பழகிய ஆள், கையை உதறிக்கொண்டு நின்றார்.

“தெரிஞ்ச பாட்டெண்டால் கை தானாச் சுத்துது, அண்ணை. உங்கடைக்கு நாங்களெல்லோ சுத்தவேண்டிக் கிடக்கு.”

பவளமக்காவின் கை

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகுது என்று எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. நானும் சைக்கிளில் கிற்றாரையும் றேடியோவையும் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறைக்குள் எட்டுக் குடும்பம். அந்த எட்டுக்கும் என்னுடைய றேடியோ ஒன்றுதான். பின்னேரச் செய்தியில், திரும்பிப் போகலாம் என்று சொல்வார்களா என்று எல்லாரும் காத்திருப்பார்கள். சுற்றுவது பவளமக்கா. கோப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்தவர், ஐம்பதைத் தாண்டியவர். மற்றவர்கள் சுற்றினால் செய்திக்காரரின் குரல் போய்ப்போய் வரும். அவர் சுற்றினால் அசையாமல் நிற்கும்.

ஒரு நாள் நேரத்துக்கு முன்னமே வந்து சுற்றத் தொடங்கிவிட்டார். சும்மா இருக்க ஏலாமல் இருக்கு என்றார். செய்திவரைக்கும் கிற்றார் வயரைச் செருகலாமா என்று கேட்டேன். ஓம் என்றார். தொடங்கினேன். ஐந்தாம் நிமிடம் தாண்ட, செய்திக்கு நேரமாச்சு என்று பின்னால் ஒருவர் சொன்னார். இன்னொருவர் எழும்பி வந்து றேடியோவுக்குக் கையை நீட்டினார். என் விரல்கள் நிறுத்துவதற்கு இடம் தேடின. பன்னிரண்டு வருடப் பழக்கம். பவளமக்கா சுற்றுவதை விடாமல், நிமிராமல் சொன்னார்:

“செய்தி நேற்றுச் சொன்னதைத்தான் இண்டைக்கும் சொல்லும். அவர் முடிக்கட்டும்.”

நீட்டிய கை திரும்பிப் போனது. ஆறாம் நிமிடம். ஏழாம் நிமிடம். ஐந்துக்கு அங்காலே நான் ஆட்களுக்கு முன்னால் போனதில்லை, எனக்கே வழி புதிதாக இருந்தது. ஒன்பதாம் நிமிடத்தில் பவளமக்கா வலக்கையை விட்டு இடக்கைக்கு மாற்றினார். சத்தம் ஒரு கணம் தணிந்து, முன்னைவிட உரமாக ஏறியது. நானும் ஏறினேன். முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. செய்திக்கு எழும்பியவர், நல்ல அழுகைப் பாட்டு என்றார். பவளமக்கா ஓடிக்கொண்டிருந்த சில்லை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார்.

“உவர் அழுகையெண்டு சொல்லுறார். எனக்குச் சுத்தச் சுத்தக் கோவமெல்லோ வந்தது.”

பன்னிரண்டு வருடத் தொழிலில் என் பாட்டை முடிவுவரை கேட்டுச் சரியாக விளங்கிக்கொண்டவர் ஒருவர்தான், அவருக்கும் அடுத்த நாள் இரண்டு கையும் தோளுக்கு மேலே எழும்பவில்லை.