கல்லாவில் நின்றுபோன சிவப்பு ஜாக்கெட்

இங்கே இங்கிலாந்தில் கடைகளில் யாரும் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்வதில்லை. 'சாரி'யில் ஆரம்பித்து, வருத்தப்பட்டு, மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிய பிறகுதான் இல்லை என்பதே நமக்கு விளங்கும். அதனால் 2010 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, கோவென்ட்ரியில் நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையில், கல்லாவில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து "ஐ காண்ட் செல் யூ திஸ்" என்று சொன்னபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் கையில் இருந்தது சின்னப் பிள்ளைகள் போடும் சிவப்பு ஜாக்கெட். தலையை மூடும் தொப்பி வைத்து, கழுத்தைச் சுற்றிக் கயிறு கோத்தது. அவள் அதை இரண்டு முறை மெஷினில் காட்டினாள். இரண்டு முறையும் அது கத்தியது. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

உனக்கு விற்க முடியாது என்று அவள் சொன்னதாகத்தான் என் மனசு எடுத்துக்கொண்டது. கல்யாணமாகி வந்து நான்கு வருஷம். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல் நின்றவர்கள், என் பெயரை மூன்று முறை கேட்டுவிட்டு எழுதாமல் விட்டவர்கள் என்று எல்லோரும் அந்த நிமிஷம் வரிசையில் வந்து நின்றார்கள். ஏன் எனக்கு மட்டும் கிடையாது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் முகம் சிவந்துபோய், "இட்ஸ் நாட் யூ, லவ். இட்ஸ் த டில்" என்றாள். டில் என்றால் 'வரை' என்றுதான் எனக்குத் தெரியும். கல்லாவுக்கும் அதுதான் பேர் என்று தெரியாது. எதுவரைக்கும் என்று விடாமல் கேட்டேன். அவள் விழித்தாள். பின்னால் ஒருவர் சிரித்தார். கடைசியில் மேலதிகாரி ஒரு அம்மா வந்து, ஜாக்கெட்டை என் கையிலிருந்து பூப்போல எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். அதில் அதே ஜாக்கெட்டின் படம். கழுத்துக் கயிறு சறுக்குமரத்திலோ வண்டிக் கதவிலோ மாட்டினால் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடக் கூடுமாம். அதனால் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம், வாங்கியவர்கள் உடனே திருப்பிக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தது.

வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. போன மாதம் இதே கடையில் இதே ஜாக்கெட்டை எடுத்து, ஊருக்குப் போன ஒரு தோழியிடம் சிதம்பரத்துக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன். என் அண்ணன் மகள் யாழினிக்கு ஐந்து வயது. மார்கழிக் குளிரில் பள்ளிக்கூட வேனில் போகிறவள். அதைப் பார்த்து என் மகள் கயல் தனக்கும் வேண்டும் என்று அழுததால்தான் அன்று இரண்டாவதை எடுக்கப் போயிருந்தேன். வண்டிக் கதவு என்று படித்ததும் யாழினியின் வேன்தான் என் கண்ணில் வந்தது. கடை வாசலிலேயே நின்று ஊருக்குப் போன் போட்டேன். அங்கே பிற்பகல். அண்ணிதான் எடுத்தார்.

அந்த ஜாக்கெட் தன் வீட்டில் இல்லை என்றார் அண்ணி. யாழினிக்குப் பிடிக்கவில்லை, போட்டதுமே வேர்க்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டாளாம். கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் இருக்கும் தன் தங்கை மஞ்சுவின் மகளுக்கு இளைப்பு வரும், காலையில் அவளும் வேனில்தான் போகிறாள் என்று, பொங்கலுக்குப் போனபோது கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி, உடனே மஞ்சுவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"அங்க விக்கக் கூடாதுன்னு எடுத்துட்டதத்தான் இங்க அனுப்புனியா, செல்வி?"

நான் வாங்கியபோது அந்தத் தாள் ஒட்டியிருக்கவில்லை, எனக்கே இப்போதுதான் தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன். லண்டன் சட்டை என்று பெருமையாகக் கொடுத்தேன், இப்போது அதுவே கழுத்தை இறுக்கும் என்று என் தங்கச்சியிடம் எந்த வாயால் சொல்வது என்று அவர் போனை வைத்துவிட்டார். மஞ்சுவின் நம்பர் என்னிடம் கிடையாது. மறுபடி அண்ணியைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

அண்ணனுக்கு வேலை கடலூர் போகும் வழியில் இருக்கும் செம்மங்குப்பத்தில், ஒரு ரசாயனக் கம்பெனியில். நான் கூப்பிட்டபோது ஷிஃப்ட் முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். "ஒரு கயித்துக்கா இவ்ளோ கலாட்டா?" என்று சிரித்தார். நான் அழ ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மஞ்சுவின் நம்பர் தன்னிடமும் இல்லை என்று சொல்லி, சிதம்பரம் பஸ் ஏறாமல் எதிர்ப்பக்கம் போய்க் கடலூர் பஸ் ஏறினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கடைத்தெருவையே சுற்றிச் சுற்றி நடந்தேன். அண்ணனின் டியூட்டிச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது. அதை அண்ணி வீட்டுத் துணிகளோடு சேர்க்க மாட்டார். கொல்லையில் தனி வாளி, தனி சோப்பு. யாழினி அப்பா மேலே ஏறப் போனால், சட்டையை மாற்றட்டும் இரு என்று பிடித்து இழுப்பார். இதைச் செய்யச் சொல்லி யாரும் எங்கேயும் தாள் ஒட்டியதில்லை. அண்ணியே பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. இங்கே ஒரு கயிற்றுக்காகக் கல்லாவே பூட்டிக்கொள்கிறது. இதை நினைத்து நான் பெருமைப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று தெரியாமல் ஒரே கடையின் கண்ணாடியை நான்கு தடவை கடந்தேன்.

அண்ணன் மஞ்சு வீட்டிலிருந்தே பேசினார். போனை அவளிடம் கொடுத்தார். "கயிறாக்கா? அத வந்த அன்னிக்கே உருவிட்டேனே. பாப்பா எந்நேரமும் வாயில வச்சு மென்னுக்கிட்டு இருந்தா. நல்ல கயிறு, என் பாவாடைக்கு நாடாவா போட்டுட்டேன்" என்றாள். பாப்பா பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னாள். நான் நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணியின் பேச்சு சுருங்கிவிட்டது. நான் கூப்பிட்டால் நலம் விசாரித்துவிட்டு உடனே அண்ணனிடம் கொடுத்துவிடுவார். என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், எல்லாம் இங்கேயே கிடைக்கிறது என்பார். அதில் பொய்யும் இல்லை. நான் அனுப்பியது எதுவும் அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. அனுப்ப வேண்டிய தேவை எனக்குத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் கயலை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணி கயலுக்கு ஒரு பட்டுப்பாவாடையும் சட்டையும் கொண்டுவந்து வைத்தார். மெஷினில் அவரே தைத்தது. நான் வாங்கிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் கழுத்துப் பட்டியையும் முதுகையும் தடவிக்கொண்டிருந்தன. நானாகச் செய்யவில்லை, விரல்கள் செய்தன. அண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

"நாடாவே வைக்கல. இடுப்புக்கும் எலாஸ்டிக்தான் குடுத்திருக்கேன். நீ பயப்படுவன்னு" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. விருந்தாளிக்குக் காரம் குறைத்துச் சமைத்தேன் என்று சொல்வது போல, அவ்வளவு பதமாகச் சொன்னார். சண்டை போட்டிருந்தால் நான் அந்த வீட்டுப் பெண்ணாகவே இருந்திருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

கயல் அந்தப் பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அதோடேயே விமானம் ஏறினாள். வளரட்டும் என்று அண்ணி எலாஸ்டிக்கைத் தளர்வாக வைத்திருந்தார். ஹீத்ரோவில் இறங்கி நடக்கும்போது அது இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே வந்தது. பாஸ்போர்ட் பார்க்கும் வரிசை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். அவளுடைய சிவப்பு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒரு பக்கம், என்னுடைய நீல இந்தியப் பாஸ்போர்ட் மறுபக்கம். பின்னால் வந்தவர்கள் எங்களை விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு கையிலும், அவள் பாவாடையின் இடுப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லட்டும் என்று நான் அங்கேயே நின்றேன்.